கால்டுவெல் ஐயரும் விடுபட்ட பக்கங்களும்

தமிழுக்குத் தொண்டு புரிந்த மேனாட்டார் யார் யார் என்று கேட்டால் வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் ஐயர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அது போதும். கால்டுவெல் என்றால் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், ஆண்டு 1856 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டால் திருத்துபவருக்கும் நிறைவு, நமக்கும் நிறைவு. நானும் இரண்டு பருவங்கள் அப்படியே எழுதித் தேறியவன். ஆயினும் அப்பெரியாரின் வாழ்வில் வினாத்தாளுக்குள் வராத ஒரு பகுதி உண்டு. ஒரு மொழியைக் கற்க வந்தவர், அம்மொழியைப் பேசுவோர் எல்லாரும் ஒரே முகத்தினரா, ஒரே குலத்தினரா என்று கேட்ட பகுதி அது. நம் கல்லூரி மலரில் எழுத வாய்ப்புக் கிடைத்ததும் அதையே எழுத எண்ணினேன்.

இராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் வட அயர்லாந்தில், ஆண்ட்ரிம் என்னும் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டவர். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்தது. பிறந்த மண் அயர்லாந்து. குருதி ஸ்காத்லாந்துக் குருதி. நாவில் இருந்ததோ ஆங்கிலம். அக்காலத்துக் கிளாஸ்கோவில், மலைநாட்டிலிருந்து ஆலை வேலைக்கு வந்த மக்கள் கேலிக் மொழி பேசினர். ஆகவே ஆங்கிலம் பேசுபவன் ஆங்கிலேயனாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவர் வீட்டிலேயே இடமில்லை எனலாம். நம்மூர் மக்கள் அவரை வெள்ளைக்காரர் என்ற ஒரே சொல்லில் அடக்கினர். அந்தச் சொல்லுக்குள் எத்தனை நாட்டார் இருந்தனர் என்பது வேறு கதை.

இளமையில் ஓவியம் பயில டப்ளின் நகருக்குச் சென்றார். பின்னர் மனம் சமயப் பணியை நாடியது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1837-இல் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்கம் கற்பித்த சர் டேனியல் சாண்ட்ஃபோர்டு என்னும் பேராசிரியரே, மொழிகளை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆர்வத்தை அவருக்கு ஊட்டியவர். நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பு எங்கே போய் முடியும் என்பதை யாரால் சொல்ல முடியும்? கிளாஸ்கோவில் நடந்த கிரேக்க வகுப்பு, திருநெல்வேலிச் சீமையின் செம்மண் தேரியில் வந்து பயன் தந்தது.

அதே 1837-இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் மேரி ஆன் என்னும் கப்பலில் ஏறினார். தெலுங்குக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரவுன் துரையும் அக்கப்பலில் பயணம் செய்தார். ஆக, இந்திய மொழிகளைப் பற்றிய பேச்சு கரை சேருமுன்பே தொடங்கிவிட்டது. 1838 சனவரி 8-ஆம் நாள் சென்னையில் இறங்கினார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த ட்ரூ பாதிரியார் அப்போது அதே சங்கத்தில் சென்னையில் பணிபுரிந்தார். மூன்றாண்டுகளுக்கு மேல் சென்னையிலிருந்து தமிழ் பயின்ற கால்டுவெல், 1841-இல் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்து, அதன் வேறொரு சங்கத்தின் வழியாகத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டார்.

அவர் புறப்பட்ட முறைதான் வியப்புக்குரியது. அக்காலத்தில் துரைமார் பல்லக்கில் செல்வர்; அல்லது குதிரையில் செல்வர். கால்டுவெல் நடந்தார். சென்னையிலிருந்து காவிரிக் கரை ஊர்கள் வழியாகத் தஞ்சை, திருச்சி கண்டு, கொங்கு நாட்டைக் கடந்து நீலகிரி ஏறினார். உதகையில் பிஷப் ஸ்பென்சரைக் கண்டு அங்கேயே குருப்பட்டம் பெற்றார். மறுபடி இறங்கி மதுரை வழியாகத் திருநெல்வேலி சேர்ந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அருகிருந்து அறிய வேண்டும் என்பதே இந்நடையின் நோக்கம். பல்லக்கின் திரைக்குள் இருப்பவருக்குக் காதில் விழும் தமிழ் பல்லக்குத் தூக்கிகளின் தமிழ் மட்டுமே. நடப்பவருக்கோ பத்துக் கல்லுக்கு ஒரு தமிழ் காதில் விழும்.

எங்கள் அன்னூரிலிருந்து பார்த்தால், மழை பெய்து ஓய்ந்த காலை வேளையில் மேற்கே நீலகிரி சுவர்போல நிற்கும். மேட்டுப்பாளையம் இருபது கிலோமீட்டர்தான். அவர் ஏறி இறங்கிய மலை அது என்று எண்ணும்போது, பாடநூலில் படமாக இருக்கும் தாடிக்காரப் பெரியவர் சற்று அருகே வந்துவிட்டது போல் தோன்றும். அந்த மலையில் அவர் கண்ட மக்களைப் பற்றிப் பின்னர் சொல்வேன். அதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி.

1841-இன் இறுதியில் இடையன்குடி அடைந்தார். பனையன்றி வேறு பசுமை காணாத மணற்காடு. ஐம்பதாண்டுக் காலம் பெரும்பாலும் அவ்வூரே அவருக்கு ஊர். தெருக்களை நேராக வகுத்தார், கிணறு தோண்டுவித்தார், பள்ளிகள் அமைத்தார், கோயில் எழுப்பினார். 1844-இல் எலைசா மால்ட் என்னும் அம்மையாரை மணந்தார். இவ்வம்மையாரைப் பற்றி நம் நூல்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அவர் நாகர்கோவிலில் சமயப்பணி செய்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மகள்; குமரிச் சீமையிலேயே வளர்ந்தவர். தமிழ் அவருக்குக் கற்ற மொழியன்று. தவழ்ந்த காலத்திலிருந்து காதில் விழுந்த மொழி. பண்டிதரிடம் இலக்கணத் தமிழ் கற்ற கணவருக்கு, பெண்களும் குழந்தைகளும் பேசும் வீட்டுத் தமிழ் வேண்டியிருந்தபோது, அது அடுக்களையிலேயே கிடைத்தது. நிறம் வெள்ளை, பெயர் ஆங்கிலப் பெயர், நாவிலோ நாஞ்சில் நாட்டுத் தமிழ்! இந்த அம்மையாரைத் தமிழ் பேசுவோர் கணக்கில் சேர்ப்பதா, கூடாதா? கால்டுவெல் நாள்தோறும் தம் வீட்டிலேயே பார்த்த கேள்வி இது. பெண்களுக்குப் பள்ளி நடத்தி, பின்னல் வேலை கற்பித்து அவர்கள் கையில் காசு சேரச் செய்தவரும் இவ்வம்மையாரே.

இனி ஐயரின் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியோர் வாழ்வை எழுதும்போது பூமாலை மட்டும் தொடுப்பது நம் வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. இடையன்குடிக்கு வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1849-இல், தாம் பணிபுரிந்த சமூகத்து மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பனையேறி வாழ்ந்த நாடார் சமூகத்தாரை அறிவிலும் பழக்கத்திலும் தாழ்ந்தவர் போல அதில் வரைந்தார். அவர்கள் ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர் என்றும் எழுதினார். வெளிநாட்டில் நன்கொடை தருவோர் படிப்பதற்காக எழுதியது போலும்! அம்மக்களின் பிள்ளைகள் அவர் அமைத்த பள்ளிகளிலேயே ஆங்கிலம் கற்றனர், கற்றதும் அந்நூலைப் படித்தனர், படித்ததும் கொதித்தனர். 1880-களில் மறுப்பு நூல்கள் எழுந்தன, மனுக்கள் பறந்தன. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் நம் எழுத்தைப் படிக்கப் போவதில்லை என்ற துணிவில் எழுதப்பட்ட நூலுக்கு வந்த விடை அது. ஒரு மொழியை நன்கு கற்றவர்கூட அம்மொழியினரைச் சரியாகக் கண்டுவிட்டார் என்று கொள்ள முடியாது என்பதற்குக் கால்டுவெல்லே சான்று.

ஆனால் அதே மனிதர்தான் ஏழாண்டுகள் கழித்து, 1856-இல், ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை முதலில் எடுத்துக்காட்டியவர் அவரல்லர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிசு துரை 1816-இலேயே, கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக் குறிப்பில் இதனைக் காட்டியிருந்தார். எல்லிசு விதைத்ததைக் கால்டுவெல் மரமாக்கினார். திராவிடம் என்ற வடமொழிச் சொல்லிலிருந்து இக்குடும்பத்துக்குப் பெயர் வகுத்தார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. அதில் பன்னிரண்டு மொழிகள் இடம்பெற்றன. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு என ஆறு திருந்திய மொழிகள். தோடம், கோத்தம், கோண்டி, கூயி, ஒராவன், இராஜமகால் மொழி என ஆறு திருந்தாத மொழிகள் என்று பிரித்தார். திருந்திய, திருந்தாத என்ற பிரிவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. எழுத்தில்லாத மொழியும் முழு மொழியே. இக்குடும்பத்தைச் சித்திய இன மொழிகளோடு அவர் உறவுபடுத்தியதையும் இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும் அந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். மன்னர் அவையில் பாடப்பட்ட தெலுங்கும், மலையுச்சியில் சில நூறு எருமை மேய்ப்போர் பேசும் தோட மொழியும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அது எளிய செயலன்று.

தோடர்களைக் கண்ட ஐரோப்பியர் அக்காலத்தில் சொல்லாத கதையில்லை. உயர்ந்த உடல், நீண்ட மூக்கு, அடர்ந்த தாடி, தோளில் சுற்றிய பூவேலைப் போர்வை, அரைவட்டக் கூரையுடைய குடிசை. சமவெளி மக்களைப் போல் இவர்கள் இல்லை. ஆகவே இவர்கள் உரோமானியர் வழிவந்தவர் என்றார் ஒருவர். காணாமற்போன யூதக் குலத்தவர் என்றார் இன்னொருவர். முகத்தைப் பார்த்து முடிவு கட்டினால் எங்கெங்கோ போய்ச் சேரலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 1873-இல் மார்ஷல் என்னும் படைத்துறை அதிகாரி தோடர்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து மனிதரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற கொள்கை உடையவர் அவர். நம்மூரில் கைரேகை பார்ப்பவருக்கும் அவருக்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. நல்லவேளையாக, அந்நூலின் பின்னே தோட மொழியின் இலக்கணச் சுருக்கம் ஒன்று இணைக்கப்பட்டது. அதை எழுதியவர் நம் போப்பையர். மண்டையளவு மறைந்தது, இலக்கணச் சுருக்கம் நின்றது.

கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கையில் இக்கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டார்: நீலகிரித் தோடர் திராவிடர்தாமா? பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் பாதிரியார் போன்று மலையில் வாழ்ந்தோர் திரட்டிய சொற்கள் அவர் கையில் இருந்தன. நான், நீ என்னும் மூவிடப் பெயர்களைப் பார்த்தார். எண்ணுப் பெயர்களைப் பார்த்தார். சொல் வடிவம் மாறும் முறையைப் பார்த்தார். ஒலி பெரிதும் திரிந்திருக்கிறது. வேகமாகப் பேசினால் நம் காதுக்கு ஒன்றும் புலப்படாது. ஆயினும் எலும்புக்கூடு நம் எலும்புக்கூடே. பிற நூற்றாண்டில் எமனோ என்னும் அறிஞர் 1930-களில் மலையிலேயே தங்கி ஆராய்ந்து, 1984-இல் தோட மொழியின் விரிவான இலக்கணத்தை வெளியிட்டார். தோடமும் கோத்தமும் தமிழுக்கு மிக நெருங்கிய உறவினர் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. தாடியும் மூக்கும் சொன்ன சாட்சி பொய். நாக்குச் சொன்ன சாட்சி மெய்.

இதற்கு மறுகோடியில் பிராகுவி இருக்கிறது. இன்றைய பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான் பகுதியில் பேசப்படுவது. அம்மக்கள் தோற்றத்தில், உடையில், சமயத்தில் அக்கம்பக்கத்துப் பலூச்சியரைப் போன்றவரே. ஆனால் மொழியின் அடியில் திராவிடக் கூறு கிடக்கிறது என்பதைக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். தம் பன்னிரண்டில் அதைச் சேர்க்கத் துணியவில்லை. பின்வந்தோர் அதையும் குடும்பத்தில் சேர்த்தனர். கன்னியாகுமரிக் கரையிலிருந்து குவெட்டா மலை வரை எத்தனை நிறம், எத்தனை முகம், எத்தனை வழிபாடு! ஒரே மொழிக் குடும்பம்.

இனி மூன்றாவதாக அவர் எழுப்பிய கேள்வியே மிகக் கூரியது. பறையர் என்று அழைக்கப்பட்ட மக்களைத் திராவிடர் அல்லாத வேறோர் இனத்தவர், வென்றடக்கப்பட்ட பழங்குடியினர் என்று அக்காலத்து ஐரோப்பியர் சிலர் எழுதினர். ஊரிலிருந்த உயர்ந்தோருக்கும் அந்தக் கொள்கை வசதியாகத்தான் இருந்திருக்கும். சேரி ஊருக்கு வெளியே இருப்பதற்கு இனத்தையே காரணமாகக் காட்டிவிடலாம் அல்லவா? கால்டுவெல் அதற்கென ஒரு பிற்சேர்க்கை எழுதினார். அம்மக்கள் பேசுவது தமிழே. வேறொரு மொழி அவர்களிடம் என்றேனும் இருந்ததற்கு அடையாளமில்லை. பறை என்ற கருவியிலிருந்து பெயர் வந்தது. பெயர் தொழிலைக் காட்டுமேயன்றிக் குருதியைக் காட்டாது. ஆகவே அவர்களும் திராவிடரே என்ற முடிவின் பக்கமே அவர் நின்றார். திராவிடரின் உடற்கூறு பற்றிய பகுதியிலும், மேல்சாதிக்கும் கீழ்சாதிக்கும் தோற்றத்தில் தெரியும் வேறுபாட்டுக்கு வெயிலும் உழைப்பும் உணவும் வாழ்நிலையும் காரணமாகலாம் என்று காட்டினார். நிழலில் இருப்பவன் நிறத்தையும் சேற்றில் நிற்பவன் நிறத்தையும் வைத்து இரண்டு இனங்களைப் படைத்துவிட வேண்டாம் என்பது அதன் கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. மொழி ஒன்றானால் இனமும் ஒன்று என்று கால்டுவெல் பல இடங்களில் ஒரே தாவலில் தாவிவிடுகிறார். நாம் அவ்வாறு தாவ வேண்டியதில்லை. ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியை விட்டு அயலார் மொழியைப் பற்றிக்கொள்வது உலகில் எங்கும் நடப்பதே. ரியூனியன் தீவிலும் மொரீசியசிலும் தமிழ்ப் பெயரும் காவடியும் தீமிதியும் இருக்க, பலருக்கு வீட்டுமொழி கிரியோல் ஆகிவிட்டது. தமிழ்க் குருதி, ஆனால் தமிழ் நாவில்லை. இலங்கையின் முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்குத் தாய்மொழி தமிழ். அவர்கள் தங்களைத் தனியோர் இனமாகக் கருதுகின்றனர். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் சீனக் குழந்தைகள் சிலரும் ஆத்திசூடி கற்கின்றனர். தமிழன் என்றால் யார் என்பதற்கு முகத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியுமா?

இது நம் மொழிக்கு மட்டும் வந்த சிக்கலன்று. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் உறவினர் ஒருவர், வாங்குவோரோடு பேசுவதற்காக ஸ்பானிஷ் மொழி கற்றுவருகிறார். அவர் கையிலுள்ள பாடநூலின் அட்டையில் மாட்ரிட் நகரத்து வெள்ளை முகம் ஒன்று சிரிக்கிறது. ஆனால் அம்மொழி பேசுவோரில் ஸ்பெயின் நாட்டார் சிறு பகுதியினரே. மிகப் பலர் பேசும் நாடு மெக்சிகோ. கியூபாவிலும் கொலம்பியாவிலும் ஆப்பிரிக்க வழியினர் இலட்சக்கணக்கில் பேசுகின்றனர். பெரு நாட்டில் கெச்சுவா வழி மக்கள் பேசுகின்றனர். அந்நாட்டுக்கு 1990 முதல் 2000 வரை அதிபராயிருந்த புஜிமோரி ஜப்பானிய வழியினர். ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே எக்குவடோரியல் கினி என்னும் நாட்டுக்கு ஸ்பானிஷ் ஆட்சிமொழி. இவ்வளவையும் நான் சொன்னபோது உறவினர் வியந்தார். வாங்குவோர் பக்கத்திலிருந்து காணொளியில் கறுத்த முகத்தார் ஒருவர் வந்தபோது, அவர் வேறு மொழிக்காரர் என்றெண்ணி ஆங்கிலத்தில் தொடங்கியதாகவும், அவர் விடையைச் சரளமான ஸ்பானிஷில் சொன்னதாகவும் கூறிச் சிரித்தார். கால்டுவெல் காலத்தில் தோடரைக் கண்டு உரோமானியர் என்றவருக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கால்டுவெல் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1913-இல், ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. வயட் பாதிரியாரும் இராமகிருஷ்ண பிள்ளையும் பதிப்பாசிரியர்கள். அப்பதிப்பில் மேற்சொன்ன பிற்சேர்க்கைகள் இல்லை. பறையர் திராவிடரா என்ற பகுதி இல்லை. தோடர் திராவிடரா என்ற பகுதியும் இல்லை. உடற்கூறு பற்றிய பகுதியும் இல்லை. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகம் மறுபதிப்புச் செய்தபோதும் அந்தச் சுருங்கிய நூலே அச்சேறியது. ஆக, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மாணவர் கையில் இருந்த கால்டுவெல், வேர்ச்சொல்லும் விகுதியும் மட்டும் பேசும் கால்டுவெல். 2008-இல்தான் கவிதாசரண் பதிப்பகம் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக மறுஅச்சிட்டது. பதிப்பித்தோர் பழைய ஆய்வு காலாவதியாகிவிட்டதென்று கருதி நீக்கியிருக்கலாம்; நூல் பருத்துவிட்டதென்றும் நீக்கியிருக்கலாம். காரணம் எதுவாயினும், யார் பேசுகிறார் என்ற கேள்வி நீங்கி, என்ன பேசுகிறார் என்ற கேள்வி மட்டும் பாடமாயிற்று.

நீக்கிய அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கின் நீள அகலத்தை அளந்து இனம் பிரித்துக்கொண்டிருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர் தர்ஸ்டன், அளவுகோலும் கையுமாக ஊர் ஊராகச் சென்று, 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மொழிக்கு வைத்த திராவிடம் என்ற பெயர் மூக்குக்கும் பெயராயிற்று. மொழியின் பெயரைக் குருதிக்கு வைக்கக் கூடாதென்று மாக்சுமுல்லர் 1888-இலேயே ஆரியம் என்ற பெயரைக் குறித்து எச்சரித்திருந்தார், கேட்பாரில்லை. அந்த வேளையில், தோற்றத்தை நம்பாதே என்று வாதாடிய பக்கங்கள் நூலில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! கால்டுவெல்லும் இனம் என்ற சொல்லை விடவில்லைதான். என்றாலும் சேரியையும் மலையையும் மொழியின் எல்லைக்குள் வைத்தே எண்ணியவர் அவர்.

எங்கள் அன்னூர் வட்டாரத்தில் இதெல்லாம் ஏட்டுச் செய்தியன்று. வாரச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கத்தரிக்காய் விலையைக் கொங்குத் தமிழில் பேசி முடித்த அம்மாள், பக்கத்திலிருக்கும் மகளிடம் கன்னடத்தில் காசு எண்ணச் சொல்வார். அடுத்த கடைக்காரர் வீட்டில் தெலுங்கு. தேவாங்கர், ஒக்கலிகர், நாயுடு, அருந்ததியர் எனப் பல குடும்பங்களில் வாசற்படிக்கு உள்ளே ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. அத்தனை பேரும் ஏனுங்க, வாங்க என்று மரியாதை குறையாமல் பேசும் தமிழ் ஒன்றே. என் வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன், அருந்ததியர் குடும்பம். தமிழ்ப் பேச்சுப் போட்டியில் அவனுக்கு முதற்பரிசு. பரிசு வாங்கி இறங்கியபோது, வீட்டில் தமிழ் பேசாதவனுக்கா தமிழ்ப் பரிசு என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் பரிசு வாங்கியபோது அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தான்.

இன்னொரு தோழன் மலையடிவாரத்து இருளர் குடும்பத்தைச் சேர்ந்தவன். விடுதியில் அவன் தன் அம்மாவோடு கைபேசியில் பேசினால் சுற்றியுள்ளோர் காது கொடுத்துக் கேட்டுச் சிரிப்பார்கள். கொச்சைத் தமிழ் என்பது அவர்கள் தீர்ப்பு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1970-களில் இருள மொழியை ஆராய்ந்து, அது தமிழுக்கு நெருங்கிய தனி மொழி என்று நிறுவிப் பல தொகுதிகள் எழுதினார். இதை நான் அவனிடம் சொன்னேன். தன் பாட்டியின் பேச்சுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து இலக்கணம் எழுதினாரா என்று மூன்று முறை கேட்டான். பிறகு அந்த நூல் தமிழில் கிடைக்குமா என்றான். அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. நம் தமிழ்த் துறை மாணவரில் எவரேனும் ஒருவர் அப்பணியை எடுத்துக்கொண்டால் வேண்டாமென்பேனா?

ஐயரின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன். 1877-இல் பிஷப் ஆனார். அக்காலத்துத் தாது வருடப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர்க்கு உதவினார். கொற்கையில் நிலத்தை அகழ்ந்து பாண்டியரின் பழந்துறையைத் தேடினார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். இடையன்குடியில் 1847-இல் தொடங்கிய கோயில் 1880-இல்தான் முடிந்தது. முப்பத்து மூன்று ஆண்டுக் கட்டடம். 1883-இல் கல்லூரிப் பணிக்காகத் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். 1891-இன் தொடக்கத்தில் ஓய்வு பெற்றுக் கோடைக்கானல் மலைக்குச் சென்றவர், அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2010-இல் அஞ்சல்தலை வந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. அவர் உடலைக் கோடைக்கானலில் அடக்கம் செய்யவில்லை. மலையிலிருந்து இறக்கி, அவரை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களும் அவர் பள்ளியில் படித்தவர்களும் வாழ்ந்த அந்தப் பனைக்காட்டுச் சீமைக்கே கொண்டுவந்து, இடையன்குடிக் கோயிலுக்குள் அடக்கம் செய்தனர்.